கூடிச் சிந்திக்கும் கலை



தேரோட்டம் காணாத தமிழர் நம்மில் மிகச் சிலரே. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் புனேயிலும் வாழ்க்கை அமைந்துவிட்ட பின்னரும் சொந்த ஊர்த் தேர் நம் நினைவை விட்டு அகல்வதில்லை. வடம் பிடித்து இழுப்போரை ஊர் முழுவதும் காண்கிறது. அவர்கள் எழுப்பும் முழக்கத்தை ஊர் முழுவதும் கேட்கிறது. ஆனால் சக்கரத்தின் அருகே, குனிந்தபடியே, கையில் ஒரு மரக்கட்டையுடன் நடந்து செல்லும் மனிதரை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருக்கிறோம்? முட்டுக்கட்டை போடுபவர் அவர். வேகம் மிகும்போது தேரைத் தடுப்பவர் அவரே. வீதி முனையில் அதைத் திருப்புபவரும் அவரே. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று மட்டுமே பொருள் கொள்கிறோம். தேருக்கோ அக்கட்டை இல்லையேல் திருப்பம் இல்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, பல ஊர்களில் பிரிந்திருக்கும் ஒரு குழுவினர் ஒரு பொருளின் வடிவமைப்பைப் பற்றிக் கூடிச் சிந்திப்பது எப்படி என்பதாகும். இங்கே வடம் பிடிக்கும் கைகள் ஒரே வீதியில் இல்லை. ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். ஒருவர் குருகிராமில் இருக்கிறார். இன்னொருவர் தம் சொந்தச் சிற்றூரில் திண்ணை ஓரத்தில் மடிக்கணினியுடன் அமர்ந்திருக்கிறார். 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, கட்டாயத்தின் பேரில் பலருக்கு ஏற்பட்ட பழக்கம் இது. நோய்க் காலம் கழிந்த பின்னரும் அப்பழக்கம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. இத்தகைய குழுக்களில் பணிபுரியும் தமிழர் பலர். அவர்களுக்கும் அவர்களை வழிநடத்துவோர்க்கும் பயன்படக்கூடும் என்று கருதியே இப்பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

வடிவமைப்பு என்றவுடன் அழகுபடுத்துதல் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இந்திய அரசின் அழைப்பை ஏற்று நம் நாட்டிற்கு வந்து சுற்றிப் பார்த்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளத் தம்பதியர் 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதன் பயனாக 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அவ்வறிக்கையில் அவர்கள் வியந்து பாராட்டிய பொருள் எது தெரியுமா? வட நாட்டார் லோட்டா என்றும் நாம் செம்பு என்றும் சொல்லும் எளிய பாத்திரமே. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எந்தக் கை அதைப் பற்றும், இடுப்பில் வைத்தால் எப்படி அமையும், நீரை ஊற்றும்போது எப்படிச் சாயும், எப்படித் துலக்குவது என்பன போன்ற பல வினாக்களுக்கு அச்சிறு பாத்திரம் விடையாக நிற்கிறது. அதனைத் தனியொருவர் படைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பலர் சிறிது சிறிதாகத் திருத்தினர்.

செம்பைத் திருத்தியவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் இருந்தன. நமக்கோ இரண்டு மணி நேரமும் ஒரு திரையுமே இருக்கின்றன. ஆகவேதான் முறை தேவைப்படுகிறது. முறையின்றிக் கூடினால் என்ன நேரும் என்பதற்கு வேறெங்கும் சென்று சான்று தேட வேண்டியதில்லை. நான் செய்த தவற்றையே கூறுகிறேன்.

ஊரடங்குக் காலத்தில் எங்கள் சிறு குழுவிற்கு ஒரு பணி வந்தது. மருத்துவமனை மருந்தகத்தில் முதியவர்களுக்கு மாத்திரைகளைப் போட்டுத் தரும் காகித உறையைத் திருத்தி அமைக்க வேண்டும். குழுவில் ஆறு பேர். புனேயில் இருவர், கொல்கத்தாவில் ஒருவர், கொச்சியில் ஒருவர், அகமதாபாதில் நான். ஆறாமவர் அண்மையில் சேர்ந்த இளம் பெண். புனேயில் தங்கியிருந்தவர், ஊரடங்கினால் நாமக்கல் மாவட்டத்திலுள்ள தம் ஊருக்குத் திரும்பியிருந்தார். பேச்சு ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடந்தது. கூட்டத்தைத் தொடங்கி வைத்த நான், "எழுத்து மிகச் சிறியதாக இருக்கிறது, அதுதான் குறை என்று எனக்குத் தோன்றுகிறது" என்றேன். தலைவன் சொல்லிவிட்டான்! பிறகு என்ன? எழுத்தின் அளவு, எழுத்தின் நிறம், எந்த மொழியில் எழுதுவது என்பவற்றைச் சுற்றியே இரண்டு மணி நேரம் கழிந்தது. விரல்விட்டு எண்ணத்தக்க சில கருத்துகளே கிடைத்தன. அவையும் ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை. புதிதாகச் சேர்ந்த அப்பெண் தொடக்கத்தில் வணக்கமும் இறுதியில் நன்றியும் கூறினார். இடையே அவர் பேசவில்லை. அதனை நான் கவனிக்கவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வேறொரு செய்தி பற்றி அவருடன் தொலைபேசியில் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் இடையே அவர், "சார், எங்கள் அம்மாயிக்கு எழுத்தே தெரியாது. வெள்ளை மாத்திரை காலையில், ரோஸ் மாத்திரை இரவில் என்று நிறத்தை வைத்துத்தான் போட்டுக்கொள்வார். போன மாதம் அதே இரத்தக்கொதிப்பு மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்துவிட்டார்கள். நிறம் மாறிவிட்டது. புது மருந்து என்று நினைத்துப் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். முற்றத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டார்" என்றார்.

நான் திகைத்துப் போனேன். நாங்கள் இரண்டு மணி நேரம் தேடியும் காணாத வினா அந்த ஒரு நிகழ்ச்சியில் இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் எழுத்தறியாதவர்க்கு என்ன பயன்? "ஏம்மா, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். "எல்லாரும் எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், சார். எனக்கு இந்தி அவ்வளவாக வராது. மனத்துக்குள் வாக்கியத்தை அமைத்து முடிப்பதற்குள் அடுத்தவர் பேசத் தொடங்கிவிடுவார். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும்" என்றார் அவர்.

நேயர்களே, தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து பணியில் சேர்ந்த முதல் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அந்த நிலை நமக்குப் புதியதன்று. ஆனால் அதனை மொழிக் குறை என்று மட்டும் கருதி அமைவது சரியன்று. கூடிப் பேசும் முறையிலேயே ஒரு குறை உண்டு என்பதை ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டிருக்கின்றனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்பவர் ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பலர் கூடி எண்ணங்களைத் திரட்டும் ஒரு முறையை அவர் வகுத்தார்; அது பிரெயின்ஸ்டார்மிங் என்று பெயர் பெற்றது. 1948-இலும் 1953-இலும் வெளிவந்த அவருடைய நூல்களால் அம்முறை உலகெங்கும் பரவிற்று. அவர் விதித்த நெறிகள் நான்கு. பிறர் கருத்தைக் கூட்டத்தில் குறை கூறலாகாது. விசித்திரமான எண்ணத்தையும் வரவேற்க வேண்டும். எண்ணிக்கை பெருக வேண்டும். ஒருவர் சொன்னதன்மீது மற்றொருவர் கட்ட வேண்டும். இவை நல்ல நெறிகளே. இன்றும் கைக்கொள்ளத் தக்கவையே.

ஆயினும் இவ்வாறு கூடிப் பேசுவதால் எண்ணங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றனவா என்ற ஐயம் விரைவிலேயே எழுந்தது. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெய்லர், பெர்ரி, பிளாக் என்னும் மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். நால்வர் கூடிப் பேசித் திரட்டிய எண்ணங்களை ஒரு பக்கம் வைத்தனர். நால்வர் தனித்தனியே சிந்தித்து எழுதியவற்றைச் சேர்த்து, திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாகவே கணக்கிட்டு, மறு பக்கம் வைத்தனர். தனித்துச் சிந்தித்த நால்வரின் பட்டியலே நீளமாக இருந்தது. நல்ல எண்ணங்களும் அதில்தான் மிகுதியாக இருந்தன.

காரணம் என்ன? பிறர் நகைப்பரோ என்னும் அச்சம் ஒன்று. பிறர் பார்த்துக்கொள்வர் என்னும் சோம்பல் ஒன்று. இவற்றினும் வலிய காரணம் ஒன்றை 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். மற்றவர் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருக்கும் நேரத்தில் தோன்றிய எண்ணம் மறந்துபோகிறது, அல்லது புதிய எண்ணம் தோன்றாமலே நின்றுவிடுகிறது. தனித்தனி அறைகளில் இருந்தவர்களைக்கூட, மற்றவர் பேசும்போது நீங்கள் காத்திருங்கள் என்று விளக்குக் குறியால் தடுத்தபோது, அவர்களுடைய எண்ணங்களின் எண்ணிக்கை குறைந்தது. நாமக்கல்லிலிருந்து அப்பெண் எனக்குச் சொன்னதும் இதுவே அன்றோ? வேற்று மொழியில் பேச வேண்டியவர்க்குக் காத்திருப்பு இரட்டிப்பாகிறது.

குறை தெரிந்தபின் மாற்றும் தோன்றியது. 1968-இல் பெர்ன்ட் ரோர்பாக் என்னும் ஜெர்மானியர், பேசாமலே எண்ணம் திரட்டும் ஒரு வழியைக் கூறினார். ஆறு பேர் அமர்வர். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் மூன்று எண்ணங்களை ஒரு தாளில் எழுதுவர். பின்னர்த் தாளை அடுத்தவரிடம் தருவர். அவர் அதைப் படித்து, அதன்மேல் மேலும் மூன்று எழுதுவர். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 எண்ணங்கள் சேரும். அனைத்தும் முத்து என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு பேரும் சமமாக எழுதியிருப்பர்; உரத்த குரல் உடையவர் என்றும் மெல்லிய குரல் உடையவர் என்றும் தாளுக்குத் தெரியாது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானில் ஜிரோ கவாகிதா என்னும் மானிடவியலாளர் மற்றொரு வழியை வகுத்தார். நேபாள மலையூர்களில் ஆய்வு செய்தவர் அவர். 1984-இல் மகசேசே விருது பெற்றவர். களத்தில் திரட்டிய குறிப்புகளை ஒரு சீட்டுக்கு ஒரு செய்தியாக எழுதி, மேசைமேல் பரப்பி, இனம் இனமாகச் சேர்ப்பது அவர் முறை. முதலில் தலைப்புகளை வகுத்துக்கொண்டு சீட்டுகளை அவற்றுள் அடைக்கலாகாது; சீட்டுகளைப் படித்துப் படித்து, அவை தாமே சேருமாறு விட வேண்டும்; தலைப்பு பின்னரே வர வேண்டும். எழுதுவதற்கு ரோர்பாக் வழி காட்டினார் எனில், எழுதியவற்றை வகைப்படுத்துவதற்குக் கவாகிதா வழி காட்டினார் எனலாம்.

இனித் திரைக்கு வருவோம். நேரில் கூடுவதற்கும் திரையில் கூடுவதற்கும் வேறுபாடு உண்டா? புருக்ஸ், லெவாவ் என்னும் இருவர் 2022-இல் நேச்சர் இதழில் இது பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருவர் இருவராக, சிலரை ஒரே அறையிலும் சிலரைக் காணொளி வழியாகவும் சிந்திக்கச் செய்தனர். ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றி, ஐந்து நாடுகளில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறியாளர்களிடமும் இதனைச் சோதித்தனர். திரை வழியே கூடியவர்களுக்கு எண்ணங்கள் குறைவாகவே தோன்றின. திரையில் கூடியவர் கண்கள் எதிரிலுள்ள முகத்திலேயே மிகுதியாகப் பதிந்திருந்தன. அறையைச் சுற்றிப் பார்த்தது குறைவே. பார்வை குறுகும்போது சிந்தனையும் குறுகுகிறது என்று அவர்கள் விளக்கினர். ஆனால் ஒன்று குறிப்பிடத்தக்கது. திரட்டிய எண்ணங்களுள் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் திரையில் கூடியவர்கள் பின்தங்கவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே. எண்ணம் பிறக்கும் நேரத்தில் திரையையும் பேச்சையும் விலக்குங்கள். எண்ணத்தைச் சேர்க்கும் நேரத்திலும் தேர்ந்தெடுக்கும் நேரத்திலும் அவற்றைப் பயன்படுத்துங்கள். முதலில் மௌனமாக எழுதுதல், பின்னர்ப் பேசுதல். இவ்வரிசையைக் காப்பதே கூட்டத்தை நடத்துவோரின் தலையாய கடமை.

இதனை நடைமுறையில் எவ்வாறு செய்வது என்பதை இனிக் கூறுகிறேன்.

கூட்டத்திற்கு முந்தைய நாளே வினாவை அரைப் பக்கத்தில் எழுதி அனைவருக்கும் அனுப்புங்கள். வினாவை அமைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். "பெரிய எழுத்துடைய உறையை எப்படி அமைப்பது?" என்று கேட்டால், விடையை ஒளித்து வைத்துவிட்டு வினாவைக் கேட்டதாகும். "எழுத்தறியாத முதியவர் தம் மாத்திரையை எவ்வாறு தவறின்றி அறிந்துகொள்வார்?" என்று கேட்டால், கதவு திறந்திருக்கும். அந்த அரைப் பக்கத்துடன் ஒரு புகைப்படமும், பயன்படுத்துவோர் சொன்ன ஒன்றிரண்டு செய்திகளும் இருந்தால் போதும். அழைக்கப்படுவோர் ஐந்து முதல் ஏழு பேர் வரை இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் இரண்டு கூட்டமாகப் பிரிப்பது நலம்.

கூட்டத்தை நடத்துவோர் ஒருவரும், கருவிகளையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வோர் ஒருவருமாக இருவர் வேண்டும். இன்று மிரோ, ஃபிக்ஜாம் போன்ற இணையப் பலகைகள் உள்ளன. பல ஊர்களில் இருப்போரும் ஒரே பலகையில் சீட்டு ஒட்டலாம். இவற்றைத் திறக்கவும் எழுதவும் அனைவருக்கும் இயல்கிறதா என்பதை முதல் பத்து நிமிடத்தில் சோதித்துவிடுங்கள். காலையில் என்ன உண்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொன்னால் போதும். கருவியும் பழகும், குழுவினரிடையே சிறிது நகையும் பிறக்கும். சிற்றூரிலிருந்து கைபேசி வழியே சேர்பவர்க்குப் பலகை திறக்காமற் போகலாம். அவர் தம் எண்ணங்களைக் குறுஞ்செய்தியாக அனுப்பட்டும். உதவியாளர் அவற்றைச் சீட்டாக எழுதி ஒட்டட்டும். இணைப்பு மெலிந்தவர் குழுவில் மெலிந்தவராகிவிடக் கூடாது.

அடுத்து மௌனப் பொழுது. ஒலிவாங்கியையும் ஒளிப்படக் கருவியையும் அனைவரும் நிறுத்திவிட வேண்டும். திரையை விட்டு எழுந்து நடக்கலாம். சமையலறையில் நின்று ஒரு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஜேக் நாப் என்பவர் 2016-இல் வெளியிட்ட நூலில் ஒரு பயிற்சி கூறப்படுகிறது. ஒரு தாளை எட்டுக் கட்டங்களாக மடித்து, எட்டு நிமிடத்தில் கட்டத்திற்கொன்றாக எட்டு வடிவங்களை வரைய வேண்டும். முதல் மூன்றும் யார்க்கும் தோன்றுபவையாகவே இருக்கும். ஐந்தாம் கட்டத்திற்கு வரும்போது மனம் வெறுமையாகும். அதைக் கடந்தால் எதிர்பாராத ஒன்று தோன்றும். நன்றாக வரைய வேண்டும் என்பதில்லை. தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் போதும். எழுதியவர் பெயரைக் குறிக்க வேண்டா.

பின்னர் ரோர்பாக் கூறியவாறு ஒருவர் தாளை மற்றொருவர் பெற்று, அதன்மேல் எழுத வேண்டும். அதன் பிறகே பேச்சு. பேச்சிலும் ஒரு வரிசை உண்டு. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் முதலிலும் தலைவர் இறுதியிலும் பேச வேண்டும். தலைவர் குறை கூறலாகாது என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் அவர் அவசரப்பட்டுப் பாராட்டவும் கூடாது. மூத்தவர் ஒருவர் "மிக நன்று" என்று ஓர் எண்ணத்தைச் சொல்லிவிட்டால், மற்ற எண்ணங்கள் யாரும் கடியாமலே வாடிவிடும்.

அடுத்து, சீட்டுகளைக் கவாகிதா முறையில் மௌனமாகச் சேர்த்தல். பிறகு பத்து நிமிடம் ஓய்வு. அதன் பின்னர் ஒவ்வொருவரும் மூன்று சீட்டுகளுக்கு மறைவாக வாக்களிக்கலாம். வாக்கு எண்ணிக்கையையே முடிவாகக் கொள்ள வேண்டுவதில்லை. எதைப் பற்றி மேலும் பேச வேண்டும் என்பதை அது காட்டும். இறுதி முடிவை மறுநாள் எடுப்பது நல்லது. இரவு உறங்கி எழுந்தபின் சில எண்ணங்கள் சிறுத்துவிடும், சில வளர்ந்துவிடும்.

கூட்டம் முடிந்த மறுநாளே, எவை தேர்ந்தெடுக்கப்பட்டன, எவை ஏன் விடப்பட்டன என்பதை எழுதி அனைவர்க்கும் அனுப்புங்கள். விடப்பட்ட எண்ணத்திற்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டால், அதை எழுதியவர் அடுத்த முறையும் எழுதுவார். பலகையின் படி ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டா. பலராலும் பயன்படுத்தப்பட்ட ஜாம்போர்ட் என்னும் கூகுள் பலகை 2024-ஆம் ஆண்டின் இறுதியுடன் நிறுத்தப்பட்டது. 

குழுவில் சிலர் கடல் கடந்து இருப்பின் என் செய்வது? ஜெர்மனியின் கடிகாரம் நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. கலிபோர்னியாவோ குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் பின்னே நிற்கிறது. அனைவர்க்கும் ஏற்ற பொழுது என்று ஒன்றைத் தேடினால், யாரேனும் ஒருவர் நள்ளிரவில் கொட்டாவி விட நேரும். ஆனால் எழுதும் பகுதிக்கு ஒரே பொழுது தேவையில்லை. ஒரு நாள் முழுவதும் பலகையைத் திறந்து வைத்து, அவரவர் பகற்பொழுதில் எழுதச் சொல்லலாம். சேர்ந்து பேசும் பகுதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் போதும். மௌனமாக எழுதும் முறையின் மற்றொரு நன்மை இது.

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். எண்ணம் எந்த மொழியில் தோன்றுகிறதோ, அந்த மொழியிலேயே முதலில் எழுதிக்கொள்ளுமாறு குழுவினர்க்குச் சொல்லுங்கள். தமிழிலும் வங்காளத்திலும் மராத்தியிலும் மலையாளத்திலும் சீட்டுகள் இருப்பதனால் குழு சிதறிவிடாது. எழுதியவர் பிறகு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு வரியில் விளக்கலாம். விளக்குவதற்கு வேண்டிய அவகாசம் அவர்க்கு இருக்கும். தோன்றும்போதே மொழிபெயர்க்க முற்பட்டால், எண்ணத்தின் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இது தமிழர்க்காக மட்டும் கேட்கும் சலுகையன்று. நம் குழுவில் ஒரு மணிப்பூரியோ ஒடியரோ இருந்தால், அவர்க்கும் இதே வாய்ப்பை நாம் தர வேண்டும். சென்னையில் நடக்கும் கூட்டத்தில் தமிழிலேயே பேசிச் சிரித்துக்கொண்டு, வடக்கிலிருந்து வந்த ஒருவரை ஓரத்தில் அமர்த்திவிடுவதும் இதே தவறுதான்.

எழுதுவது மட்டும் போதுமானால் கூடுவது எதற்கு, பேச்சில்தானே தோழமை பிறக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மௌனத்தில் எண்ணங்கள் பிறக்கின்றன. ஆனால் ஒருவர் எண்ணம் மற்றவர் கைக்குச் சென்று உருமாறுவது உறவாடலில்தான். இதற்குச் சான்றாக எங்கள் உறையின் கதையை முடித்துக் கூறிவிடுகிறேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டாம் கூட்டத்தைக் கூட்டினேன். வினாவை மாற்றி அமைத்தேன். முன்னைய கூட்டத்தில் நான் முதலில் பேசியது தவறு என்று குழுவிடம் ஒப்புக்கொண்டேன். அனைவரும் எழுதினோம். அப்பெண் தமிழில் எழுதிய சீட்டு, "நிறம் மாறினால் அம்மாயிக்கு எப்படித் தெரியும்?" என்பதே. அதனை அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். இம்முறை யாரும் குறுக்கிடவில்லை. ஒருவர், உறையில் கண்ணாடி போன்ற ஒரு சன்னல் வைத்தால் மாத்திரையைக் கண்ணால் காணலாம் என்று எழுதினார். இன்னொருவர் சூரியனையும் நிலவையும் வரைந்தார். கொல்கத்தாவிலிருந்த தோழர், பழைய மாத்திரை அட்டையின் ஒரு துண்டை வெட்டிப் புதிய உறையின்மேல் இணைத்து, அதற்குப் பதிலாகவே இது என்று மருந்தகத்தார் காட்டிக் கொடுக்கட்டும் என்றார். மாதிரி ஒன்றைச் செய்து அப்பெண்ணின் ஊருக்கு அனுப்பினோம். அவர் அதைத் தம் பாட்டியிடம் காட்டினார். மூதாட்டி அதைப் புரட்டிப் பார்த்து, சன்னல் நன்றாயிருக்கிறது, ஆனால் நிலவு அரிவாளைப் போல இருக்கிறது என்றாராம். நிலவைத் திருத்தினோம்.

அவ்வெண்ணம் யாருடையது என்று இன்று கேட்டால் விடை சொல்ல இயலாது. வினா ஒருவருடையது, சன்னல் ஒருவருடையது, வெட்டிய அட்டை ஒருவருடையது, நிலவு அந்த மூதாட்டியினுடையது. செம்பை உருவாக்கிய கைகளைப் போல, எங்கள் கைகளும் சிறிது நேரம் சேர்ந்திருந்தன. முதற் கூட்டம் நடந்த முறையிலேயே அனைத்தும் முடிந்திருந்தால், பெரிய எழுத்துடைய அழகிய உறை ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு நாங்கள் மகிழ்ந்திருப்போம். எழுத்தறியாத முதியவர்களின் நிலையோ மாறியிராது.

வடிவமைப்புத் துறையில் இல்லாத நேயர்களுக்கும் இது பயன்படும். நீங்கள் வாழும் நகரில் தமிழ்ச் சங்கம் இருக்கலாம். பொங்கல் விழாவை எப்படி நடத்துவது, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பை எப்படி அமைப்பது என்று கூடிப் பேசுவீர்கள். அங்கும் மூத்த உறுப்பினர் இருவர் மூவரே பேசி, மற்றவர் தலையசைத்துக் கலைவது உண்டல்லவா? அடுத்த கூட்டத்தில் ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, எட்டு நிமிடம் அமைதியாக எழுதச் சொல்லிப் பாருங்கள். ஓரத்தில் அமர்ந்திருக்கும் இல்லத்தரசியும் கல்லூரி மாணவரும் என்ன எழுதியிருக்கின்றனர் என்பதைக் கண்டு வியப்பீர்கள்.

குழுவில் புதியவராக இருக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை என்றால் எழுதி அனுப்புங்கள். கூட்டம் முடிந்த பின்னராயினும் அனுப்புங்கள். உங்கள் மொழித் தயக்கத்தைக் கண்டு உங்கள் எண்ணமும் சிறியது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

குழுவை நடத்துவோரே, உங்கள் இடம் வடத்தின் முன்னே அன்று, சக்கரத்தின் அருகே. உரத்த குரலின் வேகத்திற்குச் சற்றே கட்டை போடுங்கள். பேசாதவர் பக்கம் தேரைத் திருப்புங்கள். வடத்தை அனைவரும் இழுப்பார்கள். தேர் நிலைக்கு வந்து சேரும்.